கண்ணாடி மேல் விழுந்த பழி: சுங்கை சிப்புட்டில் ஓர் ஆறு அங்குலத் தொலைநோக்கி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டின் கார் நிறுத்துமிடத்தில், 150 மி.மீ. கண்ணாடி வைத்த தொலைநோக்கி ஒன்று நிற்கிறது. செய்தவர் பாமாயில் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கூட இருந்து செய்தவள் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் அவருடைய பேத்தி. கட்டி முடித்த சில மாதங்களுக்குள் மூன்று முறை 'இது உருப்படாது' என்று அதை ஓரங்கட்டினார்கள். மூன்று முறையும் பழி விழுந்தது கண்ணாடி மேல். மூன்று முறையும் கண்ணாடியிடம் ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது முறைதான் என்னைக் கூப்பிட்டார்கள். முதல் இரண்டையும் அவர்கள் சொல்லிக் கேட்டேன். விரிவாக எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. தொலைநோக்கி செய்யும் முறைகளைச் சொல்பவர்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள். அவர்கள் ஊரில் வரும் கோளாறு வேறு, நம் ஊரின் சூட்டிலும் ஈரத்திலும் வரும் கோளாறு வேறு. ஒன்றிரண்டு இடங்களில் அவர்கள் சொல்வதற்கு நேர் எதிராகவே செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் கருவி. கண்ணாடி விலைக்கு வாங்கியது. குவியத் தூரம் 1200 மி.மீ., அதாவது விட்டத்தைப் போல எட்டு மடங்கு. சாய்வாக நிற்கும் சின்னக் கண்ணாடியும், படத்தைக் கூர்மையாக்க முன்னும் பின்னும் நகரும் ஃபோகசரும் அதோடு சேர்ந்து வந்தன. உடல், ஹார்ட்வேர் கடையில் வாங்கிய 8 அங்குல பிவிசி குழாய். கனம்தான், ஆனால் மழைக்கும் கறையானுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. தாங்கும் பெட்டி ப்ளைவுட். பெட்டி சுழலும் இடத்தில் பேரிங் எதுவும் கிடையாது. பழைய சமையல் மேடையிலிருந்து உரித்த ஃபார்மைக்கா தகடு, அதன்மேல் உட்காரும் மூன்று டெஃப்ளான் துண்டுகள், அவ்வளவுதான். டெஃப்ளான், மில்லில் காஸ்கெட் வெட்டியதில் மிஞ்சியது. அசையத் தொடங்கும்போது இருக்கும் உராய்வும் அசைந்துகொண்டிருக்கும்போது இருக்கும் உராய்வும் இந்த ஜோடியில் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் விரலால் தள்ளினால் குழாய் நகர்கிறது, விட்டால் நின்றுவிடுகிறது. விலை உயர்ந்த பால் பேரிங் போட்டால் காற்றடித்தாலே திரும்பிக்கொள்ளும். இதை அண்ணனுக்கு நம்ப வைக்கப் பேத்தி படாத பாடு பட்டாளாம். பேரிங் இல்லாமல் ஒன்று சுழலும் என்பதை ஒரு ஃபிட்டர் எப்படி ஒப்புக்கொள்வார்?

கண்ணாடி குற்றவாளியாக இருந்த காலம்

கோளாறு என்றதும் ஏன் எல்லாரும் கண்ணாடியைப் பார்க்கிறோம்? தொலைநோக்கியின் வரலாற்றில் பாதிக்கு மேல் குற்றம் உண்மையிலேயே அங்கேதான் இருந்தது.

1608-இல் நெதர்லாந்தின் மிடல்பர்க்கில் மூக்குக்கண்ணாடி செய்துவந்த ஹான்ஸ் லிப்பர்ஹே காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். வேறு ஆட்களுக்கும் இது தெரிந்திருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அடுத்த வருடமே கலிலியோ சொந்தமாக லென்ஸ் தேய்த்து, சுமார் 20 மடங்கு காட்டும் கருவியைச் செய்துகொண்டார். 1610 ஜனவரியில் வியாழனின் நான்கு நிலவுகளை அதில்தான் கண்டார். அந்த லென்ஸின் ஓரங்கள் சரியில்லை என்பது அவருக்கே தெரியும். ஓரத்தை அட்டையால் மறைத்துவிட்டு நடுப்பகுதியை மட்டும்தான் பயன்படுத்தினார்.

லென்ஸில் இன்னொரு தொல்லை, நிறம் பிரிவது. வளைவைக் குறைத்துக் குழாயை நீட்டினால் அது மட்டுப்படும் என்று நீட்டிக்கொண்டே போனார்கள். 1670-களில் டான்சிக் நகரில் ஹெவீலியஸ் 150 அடி நீளத்தில் ஒன்றைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டார். காற்றடித்தால் அதில் என்ன பார்த்திருப்பார் என்பது எனக்கு இன்றும் புதிர்தான்.

நியூட்டன் 1668-இல் லென்ஸுக்குப் பதிலாகக் குழிந்த கண்ணாடியை வைத்தார். பெயர்தான் கண்ணாடி. அசலில் அது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத் தட்டு, அகலம் மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. நிறம் பிரியும் தொல்லை ஒழிந்தது. ஆனால் அந்த உலோகம் பளபளப்பாக இருக்கும்போதே விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். போதாததற்குக் கறுத்தும் போகும். கறுத்தால் மறுபடி பாலிஷ் போட வேண்டும். பாலிஷ் போட்டால் மேற்பரப்பின் வடிவமே மாறிவிடும். அதாவது ஒவ்வொரு முறை துடைப்பதும் ஒரு புதுக் கண்ணாடி செய்வதற்குச் சமம்.

அப்படியும் சாதித்தார்கள். 1721-இல் ஜான் ஹாட்லி செய்த ஆறு அங்குலத் தொலைநோக்கி, ஹைகன்ஸ் தேய்த்த, 123 அடி குவியத் தூரமுள்ள லென்ஸோடு போட்டி போட்டது. இங்கிலாந்தின் பாத் நகரில் இசை சொல்லிக்கொடுத்துப் பிழைத்த வில்லியம் ஹெர்ஷல், பாலிஷ் போடும் கையை எடுத்தால் வடிவம் கெட்டுவிடும் என்று ஒருமுறை 16 மணி நேரம் நிறுத்தவே இல்லை. தங்கை கரோலின் பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டிவிட்டிருக்கிறார். 1781 மார்ச் 13 அன்று யுரேனஸைக் காட்டியது அவருடைய 6.2 அங்குலக் கண்ணாடி. சுங்கை சிப்புட்டில் நிற்பதும் ஏறக்குறைய அதே அளவுதான். அலுமினியம் பூசியது என்பதால் ஒளி இதில் கூடுதலாகவே வரும்.

ஈரத்தின் கொடுமையை முழுதாக அனுபவித்தவர் அயர்லாந்தின் ராஸ் பிரபு. 1845-இல் பர் கோட்டையில் 72 அங்குல உலோகக் கண்ணாடியை நிறுத்தினார். எடை மூன்று டன்னுக்கு மேல். அந்த ஈரக் காற்றில் அது சீக்கிரம் மங்கிவிடும் என்பதால் இரண்டு கண்ணாடி வைத்துக்கொண்டு, ஒன்று வேலை செய்யும்போது மற்றதற்குப் பாலிஷ் போட்டார்கள்.

திருப்பம் 1850-களின் இரண்டாம் பாதியில் வந்தது. உண்மையான கண்ணாடியைத் தேய்த்து, அதன்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு கொடுக்கும் முறையை ஜெர்மனியில் ஸ்டைன்ஹைலும் பிரான்சில் ஃபூக்கோவும் தனித்தனியாகத் தொடங்கினார்கள். வெள்ளியும் கறுக்கும். ஆனால் ரசாயனத்தில் கழுவி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம், அடியில் உள்ள கண்ணாடியின் வடிவம் துளியும் மாறாது. 1930-களின் தொடக்கத்தில் ஜான் ஸ்ட்ராங் வெற்றிடத்தில் அலுமினியம் பூசும் முறையைக் கொண்டுவந்தார். அது வெள்ளியைவிட நெடுநாள் உழைத்தது. வடிவத்தையும் பளபளப்பையும் இப்படிப் பிரித்த பிறகு, ஒழுங்காகச் செய்த கண்ணாடி தானாகக் கெட்டுப்போக வழியில்லை. பூச்சுதான் போகும், அதுவும் மெதுவாக. பழி சொல்லும் பழக்கம் மட்டும் போகவில்லை.

முதல் பழி: முக்கோண நட்சத்திரம்

முதல் இரவில் எல்லா நட்சத்திரமும் மூன்று மூலையாகத் தெரிந்தது. சிரியஸ் முக்கோணம், கனோபஸும் முக்கோணம். ஃபோகஸை லேசாக உள்ளே வெளியே நகர்த்தினால் வட்டமாக விரிய வேண்டிய ஒளி, மூலை மழுங்கிய முக்கோணமாக விரிந்தது. "மலிவுக் கண்ணாடி, அதான் இப்படி" என்று மருமகன் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

மூன்று மூலை என்றால் மூன்று இடத்தில் ஏதோ அழுத்துகிறது என்று முதலில் யோசித்தவள் பேத்தி. கண்ணாடியைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் மூன்று. அண்ணன் அவற்றை மில்லில் ஃபிளாஞ்ச் போல்ட் முடுக்குவது போல முடுக்கியிருந்தார். ஆயுசு முழுக்க நீராவிக் குழாய்களைக் கசியாமல் பூட்டிய கை அது, தளர்வாக விட அதற்குத் தெரியாது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தடித்த கண்ணாடி கிளிப் அழுத்தி வளையுமா என்று கேட்டார். வளைகிறது. ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதில் கால் பங்கு மாறினாலே படம் கெடத் தொடங்கும்.

கிளிப்புகளைத் தளர்த்தி, ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு தாள் துண்டு தடையில்லாமல் போய்வரும் அளவுக்கு விட்டார்கள். குழாயைச் சாய்த்தால் கண்ணாடி 'டக்' என்று ஒரு மயிரிழை நகரும் சத்தம் கேட்கும். அண்ணனுக்கு அந்தச் சத்தம் இன்னும் பிடிக்கவில்லை. நட்சத்திரம் வட்டமாகிவிட்டது.

இரண்டாம் பழி: பால் படிந்த கண்ணாடி

அப்புறம் சில வாரங்கள் கழித்து, வெளியே கொண்டுவந்த ஐந்து நிமிடத்துக்குள் படம் முழுக்க வெள்ளையாக மங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடி மேல் பால் ஊற்றியது போல ஒரு படலம். பூச்சு உரிகிறது, விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று வீடே பேசியது.

நடந்தது இதுதான். பூஞ்சணம் பிடிக்கும் என்ற பயத்தில் கண்ணாடியைக் கழற்றி, ஏர்கான் ஓடும் படுக்கையறையில் வைத்திருந்தார்கள். பயம் நியாயமானது, நம் ஊரில் கேமரா லென்ஸில் பூஞ்சணம் பார்க்காதவர் யார்? ஆனால் அந்த அறையில் கண்ணாடி 21, 22 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும். வெளியே இரவுக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, நம் பக்கத்தில் 23, 24 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளை வெளியே எடுத்தாலும் வியர்த்தே தீரும். குளிர்நாட்டில் சிக்கல் தலைகீழ். அங்கே சூடான வீட்டிலிருந்து குளிர்ந்த வெளிக்கு வருவதால் கண்ணாடி காற்றைவிடச் சூடாக இருக்கும், ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே சொல்லும் 'முன்கூட்டியே குளிரவை' என்ற யோசனையை இங்கே ஏர்கானில் செய்தால் கதை கந்தல்தான்.

இப்போது கண்ணாடி ஏர்கான் இல்லாத ஸ்டோர் அறையில், மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கிறது. கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ் குழல்களான ஐபீஸ்களுக்கும் அதே ஏற்பாடு. சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் சட்டியில் போட்டு வறுத்து மறுபடி வைக்கிறார்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொன்னவர்களும் உண்டு. அரிசி மாவுத் தூசி பூச்சில் ஒட்டும், வேண்டாம்.

மூன்றாம் பழி: கொதிக்கும் வியாழன்

இதுதான் பெரிய வழக்கு. 48 மடங்கில் நிலா அழகாக இருந்தது. 10 மி.மீ. ஐபீஸ் போட்டு 120 மடங்குக்குப் போனால் வியாழன் கொதித்தது. அதன் மேலுள்ள மேகப் பட்டைகள் ஒரு நொடி தெரியும், மூன்று நொடி கரைந்துவிடும். நட்சத்திரங்களும் தெளியவில்லை. நான் போனபோது கண்ணாடியைத் திருப்பி அனுப்பப் பெட்டி தயாராக இருந்தது. "தம்பி, இது பரவளையமே கிடையாது, வெறும் கோளக் குழிவு. அதான் கூர்மையா வர மாட்டேங்குது" என்றார் அண்ணன்.

சந்தேகம் அர்த்தமில்லாதது அல்ல. தொலைவிலிருந்து வரும் ஒளியை ஒரே புள்ளியில் சேர்க்கக் கண்ணாடி பரவளையமாக, அதாவது ஓரத்துக்குப் போகப் போக வளைவு சற்றுக் குறையும் குழிவாக, இருக்க வேண்டும். கோளமாகத் தேய்ப்பது எளிது, பரவளையம் ஆக்குவதுதான் கைவேலை. 150 மி.மீ. அகலமும் 1200 மி.மீ. குவியமும் உள்ள கண்ணாடியில் நடுக்குழிவின் ஆழமே 1.17 மி.மீ.தான். கோளத்துக்கும் பரவளையத்துக்கும் ஓரத்தில் உள்ள வித்தியாசம் 0.0003 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. மலிவான கண்ணாடிகளில் அந்தக் கடைசி வேலையை விட்டுவிடுவதும் உண்டு. ஆனால் இந்த நீளத்தில் வெறும் கோளமாக இருந்தாலும் பிழை கால் அலைநீளத்தை ஒட்டித்தான் நிற்கும். படம் கொஞ்சம் மங்கும், கொதிக்காது. அதோடு, வடிவக் கோளாறு என்றால் எப்போதும் ஒரே மாதிரி கெட்டிருக்க வேண்டும். நொடிக்கு நொடி மாறுவது கண்ணாடியின் குணம் இல்லை.

சொன்னால் நம்பவில்லை. சரி, அளந்துவிடலாம் என்றேன்.

1858-இல் ஃபூக்கோ சொல்லிக்கொடுத்த கத்திமுனைச் சோதனைக்கு வேண்டியது ஒரு சவர பிளேடு, ஒரு ஊசித்துளை விளக்கு, அசையாத இடம். ஹாலின் ஒரு கோடியில் கண்ணாடியைச் சுவரோரம் நிறுத்தினோம். 2.4 மீட்டர் தள்ளி, அதன் வளைவு மையத்தில் (குவியத் தூரத்தைப் போல இரு மடங்கு), எல்இடி டார்ச்சை அலுமினியத் தாளால் மூடி ஊசியால் ஒரு துளை. பக்கத்திலேயே பிளேடு. துளையிலிருந்து போகும் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்து குவியும் இடத்தில் பிளேடு மெதுவாகக் குறுக்கே வரும். பிளேடுக்குப் பின்னால் கண்ணை வைத்துப் பார்த்தால், கண்ணாடி முழுக்க ஒளிர்வது தெரியும். கோளமாக இருந்தால் முழு வட்டமும் ஒரே சமயத்தில் சாம்பலாக அணையும். பரவளையமாக இருந்தால் ஒரு பக்கத்திலிருந்து விளக்கடித்த உளுந்து வடை போல நிழல் விழும்.

ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, யாரும் நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பேத்தி பார்த்தாள். "தாத்தா, வடை தெரியுது!"

அண்ணனுக்கு அது போதவில்லை. வடை கண்ணுக்குத் தெரிவது, எண் கையில் இருப்பது. உள்ளே போய், மில்லில் ஷாஃப்ட் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் டயல் கேஜை எடுத்து வந்தார். கண்ணாடிக்கு முன்னால் அட்டை வைத்து, மையத்திலிருந்து 25 மி.மீ.இல் ஒரு ஜோடி ஓட்டையும் 70 மி.மீ.இல் ஒரு ஜோடி ஓட்டையும் வெட்டினோம். உள் ஜோடி இரண்டும் ஒன்றாக அணையும் இடத்துக்கும், வெளி ஜோடி இரண்டும் ஒன்றாக அணையும் இடத்துக்கும் பிளேடு எவ்வளவு முன்னும் பின்னும் போக வேண்டும் என்று அளக்க வேண்டும். விளக்கும் பிளேடும் ஒரே பலகையில் சேர்ந்து நகர்ந்தால், ஆரங்களின் வர்க்க வித்தியாசத்தை 4800-ஆல் (அந்த 2.4 மீட்டரின் இரு மடங்கு, மி.மீ. கணக்கில்) வகுத்தால் விடை. பரவளையத்துக்கு 0.89 மி.மீ. வர வேண்டும், கோளத்துக்கு சைபர். திரும்பத் திரும்ப எடுத்ததில் 0.8-க்கும் 0.95-க்கும் நடுவிலேயே வந்தது. டயல் கேஜைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு, "அப்ப வேற எங்கயோ இருக்கு" என்றார் அண்ணன். அனுப்பத் தயாராக இருந்த பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

வேறு எங்கோ என்பது காலடியில்தான் இருந்தது. கார் நிறுத்துமிடத்தின் சிமெண்டுத் தரை பகல் முழுக்க வெயில் குடித்திருக்கும். மேலே ஜிங்க் கூரை. இரண்டுக்கும் நடுவில் நாள் பூராவும் நின்ற பிவிசி குழாய், பின்பக்கம் பலகையால் அடைத்தது. இரவு ஒன்பது மணிக்குக் குழாய்க்குள் கையை விட்டால் வெதுவெதுப்பு தெரிந்தது. சூடான காற்று குழாய்க்குள்ளேயே சுருண்டு மேலே ஏறும்போது, ஒளி அதன் வழியாகத்தான் இரண்டு தடவை போக வேண்டியிருக்கிறது. வியாழனைக் கொதிக்க வைத்தது அந்தக் காற்று.

பின்பலகையை வட்டமாக வெட்டித் திறந்தார்கள், கண்ணாடியின் பின்னால் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஃபேன் வைத்தார்கள். சூரியன் மறைந்ததும் கருவியைத் தூக்கிப்போய், தெருக் கோடியில் உள்ள கோவில் திடலின் புல் தரையில் நிறுத்துகிறார்கள். புல் சீக்கிரம் ஆறிவிடும். அடுத்த தெளிவான இரவில் வியாழனின் இரண்டு பட்டைகளும் நின்று தெரிந்தன, ஒரு நிலவின் நிழல் கறுப்புப் புள்ளியாக மேலே ஊர்ந்தது. முழுக்க அமைதியான படம் என்று சொல்ல மாட்டேன். மழை விட்ட இரவுகளில் நன்றாக இருக்கும், புகைமூட்டக் காலத்தில் ஒன்றும் நடக்காது.

ஏன் இந்தப் பெட்டி

நட்சத்திரத்தைத் தானாகத் தொடரும் ஈக்குவட்டோரியல் ஸ்டாண்ட் வாங்கியிருக்கலாமே என்று பார்க்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். அந்த ஸ்டாண்டின் அச்சு வான துருவத்தைப் பார்த்து நிற்க வேண்டும். சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து டிகிரிக்கும் குறைவு. இங்கே துருவ நட்சத்திரம் தொடுவானத்தோடு ஒட்டிக் கிடக்கும், மலையும் செம்பனையும் மறைத்துவிடும். அச்சு ஏறக்குறையப் படுக்கையாகிவிடும். அவ்வளவு தாழ்வாகச் சாய்க்க முடியாத ஸ்டாண்டுகள் பல. சாய்த்தாலும் எடைக்கட்டை முக்காலியின் காலில் இடிக்கும்.

இந்த எளிய ப்ளைவுட் பெட்டியைப் பிரபலமாக்கியவர் ஜான் டாப்சன். சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னல் கண்ணாடிகளைத் தேய்த்து, அட்டைக் குழாயில் பொருத்தி, தெருவில் போகிறவர்களுக்குச் சனியைக் காட்டினார். மடத்து வேலையை விட்டுவிட்டு இதே வேலையாக இருக்கிறார் என்று 1967-இல் அவரை மடத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் தொடங்கிய நடைபாதை வானியலாளர் குழுவில் அவரும் ஒருவர். அவருக்கும் முன்னால், 1920-இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரஸ்ஸல் போர்ட்டர் கண்ணாடி தேய்க்கச் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் இயந்திரத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு. ஃபிட்டர்கள் இந்த வேலைக்கு வருவது புதிதல்ல என்று அண்ணனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், பதில் சொல்லவில்லை.

கையால் தள்ளித் தொடர்வதில் பெரிய கஷ்டம் இல்லை. 120 மடங்கில் ஒரு கிரகம் பார்வையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக நூறு நொடி ஆகும். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு நிமிடம் பார்க்க அது போதும். இந்த அட்சரேகையில் இரண்டு பக்க வானமும் கிடைக்கிறது. ஏப்ரல், மே மாதத்தில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து தெற்கே 38 டிகிரி உயரம் வரை ஏறுகிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது எழவே எழாது. பக்கத்து நகரமான ஈப்போவின் வெளிச்சம் தெற்கைக் கெடுத்தாலும், 48 மடங்கில் அதன் ஓரத்து நட்சத்திரங்கள் மணல் மணலாகப் பிரிகின்றன. ஆல்ஃபா சென்டாரி இரண்டு நட்சத்திரம் என்பது சந்தேகமில்லாமல் தெரிகிறது.

மீதி இருக்கும் குறை, தலைக்கு மேல். பெட்டி நேர் உச்சியைப் பார்க்கும்போது குழாயைப் பக்கவாட்டில் தள்ளினால் நகர மறுக்கும். எந்த ஊரிலும் இந்தப் பெட்டிகளுக்கு உள்ள குணம்தான். ஆனால் நம் ஊரில் கிரகங்கள் உச்சிக்குப் பக்கமாகவே போவதால் தொல்லை கூடுதல். இப்போதைக்கு அந்த நேரத்தில் வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெட்டிக்கு அடியில் ஒரு பக்கம் ஆப்புக்கட்டை கொடுத்து 15 டிகிரி சாய்த்துவிட்டால் அந்த முட்டுக்கட்டைப் புள்ளி உச்சியை விட்டு விலகிவிடும் என்பது அண்ணனின் திட்டம். கட்டை வெட்டியாகிவிட்டது. சாய்த்தால் பெட்டி கவிழாமல் இருக்க அடித்தட்டை அகலமாக்க வேண்டும், அதற்கான பலகை இன்னும் வரவில்லை.